முன் 10.41, பின் 10.60

தூத்துக்குடி
2022 மார்ச் 27, ஞாயிறு, மாலை 5.40

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மரியான் அத்தானுக்கு, கிளைட்டன் எழுதுவது.

இது உங்களுக்கு நான் எழுதும் நான்காவது மெயில். முந்தைய மூன்றுக்குப் பதில் இல்லை. போர் தொடங்கி இன்று 32-ஆவது நாள். உங்கள் ஒப்பந்தம் முடிந்து 26 நாள். அக்காவும் ஜெஸ்லினும் நானும் நலம். உங்கள் நலத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், டிவியில் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் துறைமுகத்தை மட்டும் ஒருமுறை காட்டினார்கள். சோளம் ஏற்றிய கப்பல்கள் வெளியே வர வழியில்லாமல் நிற்கின்றன, கடலில் கண்ணிவெடி மிதக்கிறது என்றார்கள். அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய் ஒரு நீலக் கப்பலைத் தொட்டு, "இதான் அவுக கப்பல்" என்றாள். உங்கள் கப்பல் சிவப்பு. சொன்னால் கேட்கவில்லை.

இரண்டு விஷயம். ஒன்று, எப்போது வருகிறீர்கள்? ஜெஸ்லினுக்கு மே 22 அன்று புதுநன்மை. முதல் நற்கருணை வாங்கப் போட வெள்ளைக் கவுனுக்கு அளவு எடுத்தாயிற்று. அப்பா வருவாரா என்று என்னிடம் கேட்கிறாள், ஏதோ நான்தான் கப்பல் கம்பெனி மாதிரி.

இரண்டு, அந்தோணியார் திருவிழாவில் ஜூன் 12 அன்று பட்டிமன்றம். தலைப்பு, 'அண்டை நாட்டின் மீது போர் தொடுத்தது நியாயமா, அநியாயமா?' நாட்டின் பெயரைப் போஸ்டரில் போட வேண்டாம், இரண்டு நாட்டுக் கப்பலும் நம் துறைமுகத்துக்கு வருகிறது, வம்பு எதற்கு என்று ஜேசுபாதம் ஃபாதர் வெட்டிவிட்டார். ஊரில் யாருக்குத்தான் தெரியாது. 'நியாயமே' அணிக்கு ஆள் சிக்கவில்லை. ஃபாதர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, நீதான் பிரசங்கத்துக்கே மறுப்பு சொல்லுதவன். உன்ன விட்டா யாரு இருக்கா?" எதிரணித் தலைவர் ஆழ்வார்திருநகரி பத்மஸ்ரீ மேடம். பாலிடெக்னிக்கில் எனக்கு இங்கிலீஷ் எடுத்தவர். அவரிடம் தோற்க எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் அங்கேயே நிற்கிறீர்கள். நேரில் பார்த்த மூன்று பாயிண்ட் அனுப்புங்கள். சுருக்கமாக. கதை வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கிளைட்டன்


கப்பலில் இருந்து
ஏப்ரல் 2, சனி

அன்பு மாப்பிள்ளை கிளைட்டனுக்கு, அத்தான் எழுதுவது.

வழக்கம்போல முதலில் டிராஃப்ட். முன் 10.42, பின் 10.61. காலை ஆறு மணிக்குக் கப்பல் கட்டியிருக்கும் ஜெட்டியில் இறங்கி நடந்து, பக்கவாட்டில் முன்னும் பின்னும் எழுதியிருக்கும் அளவைப் பார்த்தது.

நான் நலம். பிளாரன்ஸ், ஜெஸ்லின், நீ நலமா? உன் நாலு மெயிலும் மொத்தமாக இன்றுதான் வந்தது. கேப்டன் புது உத்தரவு போட்டிருக்கிறார். செவ்வாயும் சனியும்தான் மெயில். நாட்டுப் பெயர், ஊர்ப் பெயர், பக்கத்தில் எத்தனை கப்பல், எதுவும் எழுதக் கூடாது. படம் கூடாது. ஆகவே உன் பட்டிமன்றத் தலைப்பும் எங்கள் மெயிலும் ஒரே ஜாதி.

சமையலுக்கு மணப்பாடு இஞ்ஞாசி அண்ணாச்சி இருப்பதால் பிழைத்தோம். கப்பல் நிறையச் சோளம், எங்களுக்கு அரிசி குறைகிறது. அவர் சோளத்தை உடைத்து உப்புமா கிண்டினார். மாலுமி எல்லாருமாகச் சேர்ந்து அவரைக் கும்பிட்டு, இனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

ஜெட்டியில் ஒரு கிரேன் நிற்கிறது. சரக்கு வேலை இல்லை, ஆனாலும் டிரைவர் தினமும் வந்து மேலே ஏறி உட்காருகிறான். கிரேனை விட்டால் துரு ஏறிவிடுமாம், துறைமுகத்தில் நீ பேசுகிற மாதிரிதான் பேசுகிறான். நான் டிராஃப்ட் பார்க்கப் போகும்போது மேலே இருந்து விரலைக் காட்டுவான். நாலு விரல், அப்புறம் இரண்டு விரல் என்றால் 10.42 என்று பந்தயம். நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். தோற்றவன் ஒரு சிகரெட். இந்த வாரம் நாலு சிகரெட் எனக்கு நஷ்டம்.

எப்போது இறங்குவேன் என்று கம்பெனி சொல்லவில்லை. சொன்னதும் எழுதுகிறேன்.

ஜெஸ்லினுக்கு முத்தம்.
மரியான்


தூத்துக்குடி
ஏப்ரல் 5

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீங்கள் நலம் என்று எழுதியதை அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். டிராஃப்டையும் வழக்கம்போலக் காலண்டரில் குறித்துக்கொண்டாள். கப்பல் எத்தனை மீட்டர் தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது என்று தெரிந்து அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. பால் கணக்கு, சிலிண்டர் தேதி, அதற்குக் கீழே 10.42, 10.61.

மூன்று பாயிண்ட் கேட்டேன். உப்புமா கிடைத்தது. பரவாயில்லை, நானே தயாரித்துவிட்டேன். வாசித்துவிட்டுச் சரியா தவறா என்று சொன்னால் போதும்.

முதல் பாயிண்ட், அந்த நாடு எதிரி ராணுவக் கூட்டணியில் சேரப் போனது. வாசலில் ஏவுகணை வந்து நிற்கும் வரை எவனும் சும்மா இருக்க மாட்டான். இரண்டு, எல்லை மாவட்டங்களில் தன் மொழி பேசும் மக்கள் எட்டு வருடமாக அடிபடுகிறார்கள், அவர்களைக் காப்பாற்றப் போனோம் என்கிறார்கள். மூன்றுதான் என் துருப்புச் சீட்டு. போர் என்று யாருமே அறிவிக்கவில்லை. ராணுவ நடவடிக்கை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அறிவிக்காத போரை நியாயமா அநியாயமா என்று எப்படிக் கேட்பது? தலைப்பே தப்பு.

இதைப் பத்மஸ்ரீ மேடத்திடம் போனில் சொன்னேன். "நீ பரீட்சையிலயும் இப்படித்தான் கிளைட்டன். கேள்வியே தப்புன்னு எழுதி வச்சுட்டுப் போவே. நானும் சுழியம் போட்டு அனுப்புவேன்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் எனக்குப் பிடிக்காதவனோடு பழகுகிறான் என்பதற்காக அவன் சுவரை இடிக்கலாமா என்று கேட்டார். சுவரும் ஏவுகணையும் ஒன்றா? உவமை சொன்னால் விவாதம் ஆகிவிடாது.

அப்புறம் இங்கே ஒரு வேலையை முடித்துவிட்டேன். உங்கள் கம்பெனியின் ஏஜெண்டு ஆபீஸ் ஆள் ஜாபேஸ் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். அக்கா கையெழுத்துப் போட ஒரு பேப்பர். மாற்று ஆள் வரும் வரை கணவர் கப்பலில் தொடர்வதில் ஆட்சேபணை இல்லை, கப்பல் நிற்கும் இடம் போர் அறிவிக்கப்பட்ட பகுதி அல்ல என்பதை அறிவோம், இவ்வளவுதான். இது போனால்தான் மாற்று ஆள் ஃபைல் நகருமாம். அக்கா, "அவுகட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுதேனே" என்று இழுத்தாள். உங்கள் மெயில் வாரம் இரண்டு நாள், அதற்குள் ஃபைல் தூங்கிவிடும். நான் இரண்டு முறை வாசித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அறிவிக்கவில்லைதானே? போடச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கிரேன் என்ன மாடல், எத்தனை டன் என்று டிரைவரிடம் கேட்டு எழுதுங்கள். என் கேள்வியையும் அவனிடமே கேளுங்கள். உங்களைவிட நேராகப் பதில் சொல்வான் போலிருக்கிறது.

கிளைட்டன்


கப்பலில் இருந்து
ஏப்ரல் 9, சனி

அன்பு மாப்பிள்ளைக்கு,

முன் 10.41, பின் 10.60. நான் நலம். அங்கே எல்லாரும் நலமா?

பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் கேட்டிருக்கலாம். மூன்று நாள் காத்திருந்தால் ஃபைல் செத்தா போயிருக்கும்? சரி. போட்டாயிற்று. விடு.

கிரேன் நாற்பது டன். டிரைவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான், எனக்கும் கொஞ்சம்தான், அதனால் நன்றாகப் புரிகிறது. என் மச்சினனும் துறைமுகத்தில் கிரேனுக்குக் கரண்டு வேலை பார்க்கிறான் என்றேன். உடனே பாக்கெட்டில் இருந்து ஒரு சிகரெட் எடுத்து, இது அவனுக்கு என்று கொடுத்தான். நீ குடிக்க மாட்டாய் என்பதால் நான் குடித்துவிட்டேன்.

உன் கேள்வியையும் கேட்டேன். சிரித்தான். யோசித்துச் சொல்லுகிறேன், உன் மச்சினனுக்கு நல்ல பாயிண்டாகத் தர வேண்டும் என்றான். செவ்வாய்க்கிழமை மெயிலில் எழுதுகிறேன்.

குருத்து ஞாயிறுக்கு இங்கே ஓலை கிடையாது. இஞ்ஞாசி அண்ணாச்சி பச்சை ரிப்பனைக் கிழித்துச் சிலுவை செய்திருக்கிறார்.

மரியான்


தூத்துக்குடி
ஏப்ரல் 19

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நலமா?

செவ்வாய்க்கிழமை என்றீர்கள். இரண்டு செவ்வாய், ஒரு சனி போய்விட்டது. பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் போய்விட்டன. அக்கா சிலுவைப் பாதை பதினான்கு ஸ்தலமும் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். கேப்டன் மெயிலை நிறுத்திவிட்டாரா, அல்லது உங்களுக்குத்தான் எழுதப் பிடிக்கவில்லையா? அந்தப் பேப்பர் விஷயத்தில் கோபம் என்றால் நேராகத் திட்டி எழுதுங்கள். பதில் போடாமல் இருப்பது ஒரு தண்டனை முறை என்றால், அது எனக்கு வரவில்லை, அக்காவுக்கு வருகிறது.

ஒத்திகை தொடங்கிவிட்டது. மூன்றாவது பாயிண்டுக்குக் கைதட்டல் வருகிறது. டிரைவர் என்ன சொன்னான் என்று எழுதினால் நான்காவதாகச் சேர்த்துக்கொள்வேன்.

கிளைட்டன்


கப்பலில் இருந்து
ஏப்ரல் 30, சனி

அன்பு கிளைட்டனுக்கு,

முன் 10.41, பின் 10.60.

பிளாரன்ஸுக்குத் தலைவலி போய்விட்டதா? ஜெஸ்லின் சளி எப்படி? உனக்கு வேலை எப்படிப் போகிறது? மழை உண்டா? ஊரில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

மெயில் மிஷின் கோளாறு, அதனால் தாமதம். கோபம் ஒன்றும் இல்லை. கிரேன் இப்போது ஓடவில்லை. இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

மரியான்


தூத்துக்குடி
மே 8

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்குத் தலைவலி மார்ச்சில் போய்விட்டது. ஜெஸ்லினுக்குச் சளியே இல்லை. மழை இல்லை, மே மாதத்தில் தூத்துக்குடியில் மழை உண்டா என்று கேட்கும் அளவுக்கு நீங்கள் ஊரை மறந்துவிட்டீர்கள். வேலை கேட்டீர்கள், சொல்கிறேன். நிலக்கரித் தூசியும் உப்புக் காற்றும் சேர்ந்து மூன்று கிரேனில் சென்சார் செத்துவிட்டது. மாற்றச் சொல்லி ஜனவரியில் எழுதினேன். மே வந்துவிட்டது. இந்த உலகத்தில் யாரும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

ஜாபேஸைப் பார்க்கப் போனேன். மாற்று ஆள் எப்போது என்றேன். ஜூன், ஜூலை ஆகலாம் என்றார். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது, போர் நடக்கும் இடம், எப்படி வைத்திருக்கலாம் என்று சத்தம் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல், "சார், போர் இல்ல, ஆட்சேபணையும் இல்லன்னு நீங்கதான எழுதிக் குடுத்திய. நான் ஃபைல்ல வச்சிருக்கேன், காட்டட்டா?" என்றார். காட்ட வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

புதுநன்மைக்குள் வர முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். பிள்ளை தினமும் கேட்கிறாள். ஆமாம் அல்லது இல்லை. இதில் என்ன கஷ்டம்?

கிளைட்டன்


கப்பலில் இருந்து
மே 21, சனி

அன்பு கிளைட்டனுக்கு,

முன் 10.41, பின் 10.60.

இல்லை. வர முடியாது.

ஜெஸ்லினிடம் இதைக் காட்டு. "அப்பாவின் தங்கமே, நாளைக்கு உனக்குப் புதுநன்மை. அப்பா இங்கிருந்தே உனக்காகச் செபமாலை சொல்லுகிறேன். சித்தாடை மாதிரி கவுனைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, மெதுவாக நட."

அனைவரும் நலமா? பிளாரன்ஸ் நலமா?

மரியான்


தூத்துக்குடி
மே 26, வியாழன், மதியம் 1.15

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெஸ்லின் மெதுவாக நடந்தாள். படம் அனுப்ப முடியாது என்பதால் எழுதுகிறேன். மெழுகுதிரியை நேராகப் பிடித்தாள். நற்கருணை வாங்கியதும் திரும்பி வாசலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இப்போது விஷயம். கேக் வெட்டிய பிறகு காலண்டரில் சாய்ந்து நின்றேன். அக்காவின் எழுத்து கண்ணில் பட்டது. ஏப்ரல் 9, 10.41, 10.60. ஏப்ரல் 30, 10.41, 10.60. மே 21, 10.41, 10.60.

நான் வேலை பார்க்கும் இடத்தில் நிலக்கரியை எடை போடுவதே டிராஃப்டை வைத்துத்தான். கப்பல் வந்ததும் பார்ப்பார்கள், போகும்போது பார்ப்பார்கள், வித்தியாசம்தான் சரக்கு. ஆகவே என்னிடம் இதில் கதை விட முடியாது. ஜெனரேட்டருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை டன் எண்ணெய் எரியும். குடிக்க, குளிக்க ஆறு டன் தண்ணீர். 42 நாளில் சுமார் 350 டன் குறைந்திருக்க வேண்டும். உங்கள் கப்பல் அளவுக்கு அது ஏழு சென்டிமீட்டர். 10.34-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இடையில் எண்ணெயும் தண்ணீரும் ஏற்றினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று தடவை, முன்னும் பின்னும், சென்டிமீட்டர் பிசகாமல் ஒரே எண் வராது. அலை இருக்கிறது, கண் இருக்கிறது, எண் ஆடும்.

நீங்கள் ஏப்ரல் 9-க்குப் பிறகு டிராஃப்ட் பார்க்கவில்லை. பழைய எண்ணைத் திருப்பித் திருப்பி எழுதுகிறீர்கள்.

அதன் பிறகு பழைய மெயில்களை எடுத்து வாசித்தேன். அதே தேதிக்குப் பிறகு ஒரு தடவைகூட 'நான் நலம்' என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் எல்லாரையும் கேட்டிருக்கிறீர்கள். இல்லாத சளியைக்கூடக் கேட்டிருக்கிறீர்கள்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஏன் ஜெட்டியில் இறங்குவதில்லை? இறங்க விடுவதில்லையா, இறங்க முடியவில்லையா? ஒரே வரி போதும்.

கிளைட்டன்


கப்பலில் இருந்து
மே 31, செவ்வாய்

மாப்பிள்ளை,

இன்றைக்கு டிராஃப்ட் இல்லை. கண்டுபிடித்துவிட்டாய். நீ இதை விட மாட்டாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணை மாற்றி எழுதலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். பார்க்காத எண்ணை எழுதக் கை வரவில்லை. கடைசியாகப் பார்த்தது அதுதான், அதையே எழுதினேன்.

ஏப்ரல் 12, செவ்வாய், காலை ஆறு பத்து. பின்பக்க எண்ணைப் பார்க்க ஜெட்டியில் நடந்துகொண்டிருந்தேன். டிரைவர் மேலே நாலு விரல் காட்டினான். அடுத்த விரலைக் காட்டுவதற்குள் வந்து விழுந்தது. தானியக் கிடங்கைக் குறி வைத்தார்களாம். கிடங்குக்கும் எனக்கும் நடுவில் கிரேன் நின்றது. அது என் பக்கமாகச் சாய்ந்தது. என் காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு போய்விட்டது. என்னை இழுத்துக் கப்பலில் ஏற்றியது இஞ்ஞாசி அண்ணாச்சி. டிரைவரின் உடலை மத்தியானம்தான் இறக்கினார்கள்.

ஊர் டாக்டர் இரண்டு தடவை வந்து மாவுக்கட்டுப் போட்டார். எலும்பு கோணலாகச் சேர்கிறது, ஜூன் மாதத்துக்குள் ஆபரேஷன் செய்து பிளேட் வைக்காவிட்டால் இனிமேல் கப்பல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். கேப்டன் நல்ல மனுஷன். அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார், போரில் அடிபட்டவர், உடனே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று. பதில் வந்தது. அது போர் அறிவிக்கப்பட்ட இடம் இல்லை, குடும்பமே அப்படி ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறது, மாற்று ஆள் வரும் வரை கப்பலிலேயே வைத்தியம் பார்க்கவும் என்று. கூடவே உங்கள் பேப்பரின் நகல். விபத்து ரிப்போர்ட்டில் 'ஏணியில் இருந்து தவறி விழுந்தார்' என்று மாற்றி, என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்னும் போடவில்லை. தினமும் கேட்கிறார்கள்.

நகலைப் பார்த்த பிறகு உனக்கு எப்படி எழுதுவது? பிளாரன்ஸ் கையெழுத்து, உன் யோசனை. நீ வேண்டுமென்று செய்யவில்லை. எழுதினால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். அதோடு பிள்ளையின் புதுநன்மை வேறு.

டிரைவர் உன் கேள்விக்குத் திங்கட்கிழமையே பதில் சொல்லிவிட்டான். கேட்டுக்கொள். அவன் மனைவியின் தம்பி எல்லைக்கு அந்தப் பக்கம், வந்து அடிக்கிற நாட்டில் இருக்கிறான். போன் செய்து, அத்தான், பயப்படாதே, இது போரே இல்லை, ஒருத்தரும் அறிவிக்கவில்லை என்றானாம். இவன் குண்டுச் சத்தம் கேட்கட்டும் என்று போனைக் கிரேன் கேபினுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறான். கொஞ்ச நேரம். அப்புறம் கட் செய்துவிட்டானாம். "உன் மச்சினன்ட்ட இதச் சொல்லு" என்று சிரித்தான்.

என்னைக் கேட்டால், அநியாயம். கேப்டன் இந்த வரியை வெட்டினால் வெட்டட்டும். கூட்டணி, மொழி, ஏவுகணை எல்லாம் வாசித்தேன். இங்கிருந்து யாரும் அங்கே போகவில்லை. அங்கிருந்துதான் இங்கே வந்தார்கள். எனக்கு இந்த ஒரு பாயிண்ட்தான் தெரியும்.

பிளாரன்ஸிடம் நீயே சொல். எனக்குத் தைரியம் இல்லை.

மரியான்


தூத்துக்குடி
2022 ஜூன் 1, புதன், காலை 7.50

அன்புள்ள அத்தானுக்கு,

கிடங்கு வெடித்து 51-ஆவது நாள். நான் அந்தப் பேப்பரைச் சரி என்று சொல்லி 61-ஆவது நாள்.

மன்னிப்பு என்று எழுதி மூன்று தடவை அழித்தேன். நேரில் கேட்கிறேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று உங்களுக்கு எழுதினேன், நினைவிருக்கிறதா? அதை நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது. மேடையில் அதே வரிக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் மாவுக்கட்டோடு படுத்துக்கிடந்தீர்கள். நான் உங்களுக்கு, ஆமாம் அல்லது இல்லை, இதில் என்ன கஷ்டம் என்று எழுதினேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஏழு வாரம். நான் தாங்க மாட்டேனாம். உங்கள் காலைவிட என் மானம் பெரிதா? ஏப்ரலிலேயே எழுதியிருந்தால் ஏப்ரலிலேயே ஓடியிருப்பேன். இது பற்றியும் நேரில் பேச வேண்டும்.

அக்காவிடம் ஆறரை மணிக்குச் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். நிமிரவில்லை. "எந்தக் காலு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மெயிலை மறுபடி வாசித்தேன், நீங்கள் எழுதவில்லை. எண்ணெய் டன்னும் சென்டிமீட்டரும் கணக்குப் போட்டவனுக்கு அது தெரியவில்லை. பிறகு சொன்னாள். "நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்னு போட்டேம்ல." அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துடைத்துவிட்டு, காலண்டரை ஆணியில் இருந்து எடுத்து என் பையில் வைத்தாள். "இதயும் கொண்டு போ. தேதி இருக்கு."

செய்யப் போவது:

1. இன்று காலை 10 மணிக்கு அக்காவும் நானும் வணிகக் கப்பல் துறை அலுவலகம். ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம். வாசித்துப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான்தான் என்று என் பெயரோடு எழுதிக் கொடுப்பேன். உங்கள் மெயில்கள், காலண்டர், என் டிராஃப்ட் கணக்கு மூன்றும் இணைப்பு.

2. 11.30-க்கு மாலுமிகள் சங்கம். கேப்டன் முதலில் எழுதிய ரிப்போர்ட்டும் டாக்டர் சீட்டும் வேண்டும். இந்தச் செவ்வாயோ சனியோ பார்க்காமல் இன்றே அனுப்பச் சொல்லுங்கள். ஏணி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். என்னை மாதிரி எவனாவது வந்து, ஏணி பக்கத்தில்தானே இருந்தது, பொய் இல்லை என்று சொன்னாலும் போடாதீர்கள்.

3. நாளை ரயிலில் மும்பை, ஏஜெண்டின் தலைமை ஆபீஸ். லீவு கேட்டிருக்கிறேன், கொடுக்காவிட்டாலும் போகிறேன். உங்களைக் கரை இறக்கும் உத்தரவு எழுத்தில் வரும் வரை அங்கேயே உட்காருவேன். ஜாபேஸிடம் இனிப் பேச்சில்லை.

4. ஜூன் 12-க்குள் திரும்பினால் பட்டிமன்றத்தில் பேசுவேன். 'நியாயமே' அணியில் இருந்தேதான், வேறு ஆள் இல்லை. முதல் இரண்டு பாயிண்டையும் சொல்வேன். மூன்றாவது வரும்போது அக்கா கையெழுத்துப் போட்ட பேப்பரை வாசித்து, கீழே கம்பெனியின் பதிலையும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பத்மஸ்ரீ மேடம் சுழியம் போட்டுக்கொள்ளட்டும்.

5. எந்தக் கால் என்று எழுதுங்கள். அக்கா கேட்கிறாள்.

6. இன்று உங்கள் கப்பலின் டிராஃப்ட், என் கணக்குப்படி, முன் 10.32, பின் 10.51. நான் சொன்னது சரியா என்று பார்க்க யாரும் ஜெட்டியில் இறங்க வேண்டாம். தோற்றது நான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் நான் கொண்டு வருகிறேன், இரண்டு. ஒன்று டிரைவருக்கு.